கிறிஸ்துமஸ் வாரத்தில் டியூட்டி: காதில் எதை ஓட விடுவது?

டிசம்பர் 20 தாண்டிவிட்டால் வெளிநாட்டுக்காரர்களுக்கு வேலை செய்யும் சென்னை அலுவலகங்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடும். சப்போர்ட் பார்ப்பவர்களுக்கு வேலை குறையும், நேரம் நீளும். லண்டனிலும் நியூயார்க்கிலும் இருப்பவர்கள் 'ஜனவரியில் பார்க்கலாம்' என்று தானியங்கி மெயிலைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சர்வரில் புதிதாக எதையும் ஏற்றக் கூடாது என்று தடை வேறு. அலாரம் அடித்தால் எடுத்துப் பார்க்க இங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் பாடு நேரெதிர். 31-ஆம் தேதிக்குள் கணக்கை முடித்தாக வேண்டும். சாப்பிடப் போகவே நேரம் இருக்காது. எனக்கு இரண்டு வகை டியூட்டியும் பழக்கம். இரண்டிலும் ஹெட்ஃபோன் இல்லாமல் நாள் நகராது.

பருவத்துக்கு ஏற்ற மாதிரி ஏதாவது கேட்கலாமே என்று 'கிறிஸ்துமஸ் கிளாசிக்கல்' எனத் தேடினால் வருவது கதம்பம். அல்லேலூயா மூன்று நிமிடம், நட்கிராக்கரிலிருந்து ஒரு நடனம் இரண்டு நிமிடம், நடுவில் ஷாம்பு விளம்பரம். ஒவ்வொரு துண்டும் புதிதாகத் தொடங்கி, கவனத்தைக் கூப்பிட்டு, முடிந்துவிடும். வேலைக்கு இது உதவாது. முழுப் படைப்பாக ஒன்றை ஓட விட்டால்தான் காது பழகி, கை வேலையைப் பார்க்கும் என்பது என் கட்சி. எந்தப் படைப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மார்கழியில் ஊரே கச்சேரி கேட்கும்போது இவனுக்கு எதற்கு ஜெர்மன்காரன் பாட்டு என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தவன்தான் நான். ஆலாபனை தொடங்கியதும் ராகம் என்னவென்று மனசு துருவ ஆரம்பிக்கும். நிரவல் வந்தால் விரல் தன்னால் தாளம் போடும். தனி ஆவர்த்தனத்தின்போது எக்செல்லில் ஒரு வரிசை தள்ளி எண்ணைப் போடாமல் இருப்பவர் உண்டென்றால் அவருக்கு மிருதங்கம் பிடிக்காது என்று அர்த்தம். நமக்கு நெருக்கமான இசை பின்னணியில் நிற்காது, முன்னால் வந்து உட்காரும். கச்சேரியை சபாவிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

இதில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலில், வார்த்தைகள் உண்டா, எந்த மொழியில். அடுத்து, சத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது. கடைசியாக நீளம். முதலாவதுதான் முக்கியம். காதில் பேச்சு விழும்போது வரிசையாக எண்களை நினைவில் வைப்பது கெடுகிறது என்பதை உளவியல் ஆய்வாளர்கள் 1970-களிலேயே காட்டிவிட்டார்கள். புரியாத மொழிப் பேச்சும் அதைக் கெடுக்கிறது. "ஜெர்மன்தானே, நமக்குப் புரியாது, அதனால் பரவாயில்லை" என்ற வாதம் பாதிதான் சரி. மெயில் படிப்பவருக்குப் புரியாத மொழி அவ்வளவு தொந்தரவாகத் தெரியாது. இன்வாய்ஸ் எண்களைச் சரிபார்ப்பவருக்குத் தொந்தரவுதான்.

ஜெர்மனியில் பிறந்த இசையமைப்பாளர் ஹாண்டெலின் 'மெசையா'வை, அதாவது இயேசுவின் கதையைத் தனிக் குரல்களும் கோரஸுமாகப் பாடும் நீண்ட படைப்பை, முதலில் எடுத்துக்கொள்வோம். கிறிஸ்துமஸ் என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் அதுதான். ஆனால் அது கிறிஸ்துமஸுக்காகப் பிறந்ததில்லை. 1741 ஆகஸ்ட் 22-இல் எழுதத் தொடங்கி 24 நாளில் முடித்தார் ஹாண்டெல். முதல் அரங்கேற்றம் 1742 ஏப்ரல் 13, டப்ளினில், கடன்பட்டுச் சிறையிலிருந்தவர்களுக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்ட. கூட்டம் அதிகம் வரும் என்று பெண்கள் வளையம் வைத்த பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். ஈஸ்டரை ஒட்டிய பருவத்தில் பாடுவதுதான் அவர் காலத்து வழக்கம். மூன்று பாகங்களில் முதலாவது மட்டுமே பிறப்பைப் பற்றியது. கடைகளில் டிசம்பர் முழுக்க ஒலிக்கும் அல்லேலூயா இரண்டாம் பாகத்தின் கடைசியில், சிலுவைப்பாடெல்லாம் முடிந்த பிறகு வருகிறது.

அலுவலகத்தில் இதன் பிரச்சினை பக்திப் பொருத்தம் இல்லை, ஆங்கிலம். சார்ல்ஸ் ஜென்னென்ஸ் விவிலிய வசனங்களைக் கோத்துக் கொடுத்த வரிகளை ஹாண்டெல் திரும்பத் திரும்பப் பாட வைக்கிறார். ஒரே வரி எட்டுத் தடவை, பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு குரலில். நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே மெயில் எழுதுபவர் தலைக்குள் இரண்டு ஆங்கிலம் ஓடும். ஒருமுறை வாடிக்கையாளருக்கு அனுப்பவிருந்த பதிலில் 'ரிஜாய்ஸ்' என்று தட்டிவிட்டேன். நல்லவேளை, அனுப்பும் முன் கண்ணில் பட்டது. அதோடு முழுசாகக் கேட்க இரண்டரை மணி நேரம் வேண்டும், சத்தமும் சீராக இருக்காது. ஒற்றைக் குரல் மெல்லப் பாடிக்கொண்டிருக்கும்போது வால்யூமை ஏற்றுவீர்கள், அடுத்த நிமிடம் கோரஸ் காதைப் பிளக்கும்.

வேலை முடிந்து கேப் வரும்வரை முதல் பாகத்தை மட்டும் கேளுங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். அதில் 'நமக்கொரு குழந்தை பிறந்தது' என்ற கோரஸ் வரும். அந்த மெட்டு, அதே 1741 ஜூலையில் ஹாண்டெல் இத்தாலிய மொழியில் எழுதிய ஒரு காதல் டூயட்டிலிருந்து வந்தது. 'குருட்டுக் காதலே, கொடூர அழகே, உங்களை நம்ப மாட்டேன்' என்பது அங்கே பாட்டு. முதல் சொல் 'நோ', அதாவது 'மாட்டேன்'. அதில் நியாயமாகவே ஓர் அழுத்தம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'ஃபார்' என்ற இணைப்புச் சொல் வந்து விழுந்து, அழுத்தம் வேண்டாத இடத்தில் அழுத்தம் வாங்குகிறது. தெரிந்துகொண்டு கேட்டால் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

பழைய சரக்கைப் புது உறையில் போடுவதில் ஹாண்டெலை விடப் பெரிய ஆள், அதே காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர் பாக். அவருடைய 'கிறிஸ்துமஸ் ஒரடோரியோ'வைத்தான் நான் மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வது. ஒரடோரியோ என்றால் நடிப்பில்லாமல் பாட்டாகவே சொல்லும் பக்திக் கதை, மெசையாவும் அந்த வகைதான். காரணம் முதலில் பிழைப்பு சம்பந்தப்பட்டது. பாக் வேலை பார்த்த ஜெர்மன் நகரமான லைப்சிக்கில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில், முதல் ஞாயிறைத் தவிர, ஆலயத்தில் வாத்தியக் குழுவோடு பாடும் வழக்கம் கிடையாது. மற்றவர்களுக்கு அது அமைதியான நோன்புக் காலம். பாக்குக்கு அடுத்து வரப்போகும் கூத்துக்குத் தயாராகும் வேலை நேரம். டிசம்பர் 25, 26, 27, ஜனவரி 1, 2, 6 என்று ஆறு நாளுக்கு ஆறு பாட்டுத் தொகுதி. ஊரின் இரண்டு பெரிய ஆலயங்களுக்கும் அவர்தான் பொறுப்பு; முக்கியமான நாட்களில் காலையில் ஓர் ஆலயம், பிற்பகலில் இன்னொன்று. 1734-இல் அவர் செய்தது நம்மில் பலரும் டிசம்பரில் செய்வதைத்தான்: முந்தைய ஆண்டு ஃபைலைத் திறந்து பெயரை மாற்றினார்.

முதல் பாகத்தின் தொடக்கத்தைக் கேட்டாலே இது தெரியும். ஒரடோரியோ தனி முரசொலியோடு ஆரம்பிக்கிறது. அடுத்து குழல் வாத்தியங்கள், அப்புறம் டிரம்பெட், பிறகு கோரஸ். ஏன் முரசு முதலில்? இதே இசை 1733 டிசம்பர் 8 அன்று சாக்சனி ஆட்சியாளரின் மனைவி மரியா யோசெஃபாவின் பிறந்தநாளுக்காக எழுதப்பட்டது. அதன் பழைய வரி, 'முரசுகளே ஒலியுங்கள், டிரம்பெட்டுகளே முழங்குங்கள்'. வரி சொன்னபடி முரசு முழங்கியது. ஓராண்டு கழித்து 'மகிழுங்கள், கொண்டாடுங்கள்' என்று வரி மாறியது, முரசு அப்படியே நின்றுவிட்டது. இரண்டாம் பாகத்தில் குழந்தை இயேசுவுக்கு ஆல்ட்டோ என்ற சற்றே தாழ்ந்த குரல் பாடும் தாலாட்டின் கதை இன்னும் சுவாரசியம். அது பட்டத்து இளவரசரின் பிறந்தநாளுக்கான நாடகப் பாட்டு. அங்கே 'இன்பம்' என்ற பாத்திரம், இளைஞன் ஹெர்குலிஸைக் கடமையிலிருந்து திருப்ப, "தூங்கடா கண்ணே" என்று மயக்கிப் பாடும். மயக்கிய மெட்டு தொட்டிலுக்கு வந்தது, கேட்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

வேலைக்கு இது ஏன் ஒத்துவருகிறது என்றால், ஆறாகப் பிரிந்திருப்பதால். ஒவ்வொரு பாகமும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். மொத்தத்தையும் ஒரே மூச்சில் கேட்க பாக் எழுதவும் இல்லை. 25-ஆம் தேதி ஷிப்டில் முதல் பாகம், 26-இல் இரண்டாவது என்று அந்தந்த நாளுக்கு அதைப் போட்டால், எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும் அந்த வாரத்தில் நாளுக்கு நாள் ஒரு வித்தியாசம் கிடைக்கும். நிறமும் மாறும். முதல் பாகத்தில் டிரம்பெட்டும் முரசும். இரண்டாவதில் அவை கிடையாது. இடையர்களின் இரவு என்பதால் புல்லாங்குழலும், நாயனம் போன்ற ஓபோக்கள் நான்கும். ஜனவரி 1-க்கான நான்காம் பாகத்தில் மட்டும் இரண்டு ஹார்ன்கள் வரும். அதில் ஒரு சொப்ரானோ, அதாவது உச்சக் குரல், கேள்வி கேட்க, தூரத்திலிருந்து இன்னொரு குரல் 'இல்லை', 'ஆம்' என்று எதிரொலியாகப் பதில் சொல்லும். புத்தாண்டு அன்று தளத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வந்த மாதிரி இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. கதை சொல்பவர் நற்செய்தி வசனங்களைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்லும் இடங்கள் அடிக்கடி வருகின்றன, அங்கே ஓட்டம் நிற்கும். எண்ணில் கண் வைத்திருப்பவருக்கு அது இடைஞ்சல். பதிவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். சிறிய குழு, பழைய வகை வாத்தியங்கள் என்றிருந்தால் ஹெட்ஃபோனில் தெளிவாக இருக்கும். நூறு பேர் கோரஸ் இரைச்சலாகிவிடும். ஜான் எலியட் கார்டினர் பதிவு வேகமானது, மசாக்கி சுசுகி பதிவு கொஞ்சம் நிதானம். நெதர்லாந்து பாக் சொசைட்டி பாக்கின் படைப்புகளை வீடியோவாக இலவசமாகவே இணையத்தில் ஏற்றி வருகிறது. தேடும்போது 'பிடபிள்யூவி 248' என்று, பாக் படைப்புப் பட்டியலில் இதற்குள்ள எண்ணையும் சேர்த்துப் போட்டால் கதம்பம் வராது.

சரி, கணக்கு முடிப்பவர்களுக்கு? இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லி. வேறு யோசனையே வேண்டாம். ஓபஸ் 6, அதாவது அவருடைய ஆறாவது தொகுப்பில், எட்டாம் எண் கான்செர்ட்டோ. கான்செர்ட்டோ என்றால் இங்கே சில வாத்தியங்களும் முழுக் குழுவும் மாறி மாறி வாசிக்கும் இசை. தலைப்பிலேயே 'கிறிஸ்துமஸ் இரவுக்காக' என்று போட்டிருக்கும். வெறும் தந்தி வாத்தியங்களும் ஹார்ப்சிகார்டும்தான், வார்த்தையே கிடையாது. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ரோமில் கார்டினல் ஒட்டோபோனியின் ஆதரவில் இருந்த கொரெல்லி 1713-இல் இறந்தார். அச்சில் வந்தது 1714-இல், ஆம்ஸ்டர்டாமில். மெட்டுகள் சிறியவை, சத்தம் ஒரே அளவில் நிற்கும், திடுக்கிட வைக்கும் இடம் ஒன்றும் இல்லை.

அதன் கடைசிப் பகுதியின் பெயர் பாஸ்டோராலே. இதை மட்டும் ஒருமுறை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கலாம். கிறிஸ்துமஸுக்கு முன் மலைப்பகுதிகளிலிருந்து இடையர்கள் ரோமுக்கு இறங்கிவந்து தெருவில் பைக்குழலும் நாயனம் போன்ற ஒரு கருவியும் வாசிப்பார்கள். அடியில் ஒரே சுரம் விடாமல் ஒலிக்கும், நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது போல. மேலே இரண்டு வயலின்கள் ஜோடியாக அசைந்தாடும். நடை நம் காதுக்குத் திஸ்ரம். கொரெல்லி வயலினில் கொண்டுவந்த இந்த ஆட்டத்தை ஹாண்டெலும் பாக்கும் விட்டுவைக்கவில்லை. மெசையாவில் இடையர்கள் வரும் முன் ஒலிக்கும் சிறிய வாத்திய இசையும், பாக்கின் இரண்டாம் பாகத் தொடக்கமும் இதே ஜாதி. ஹாண்டெல் இளவயதில் ரோமில் இருந்தவர். தன் பிரதியில் அந்தப் பகுதிக்கு 'பிஃபா' என்றே பேர் வைத்தார், அந்த இடையர்களின் குழலை நினைத்து.

கால் மணி நேரம் போதாதே என்றால் அதற்கும் வழி இருக்கிறது. டொரெல்லி, மன்ஃப்ரெதினி, லொக்காட்டெல்லி மூவரும் இதே பாணியில் கிறிஸ்துமஸ் கான்செர்ட்டோ எழுதியிருக்கிறார்கள். நான்கையும் சேர்த்துப் பல ஆல்பங்கள் வந்திருக்கின்றன. முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். எதில் எது முடிந்து எது ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. மற்ற இடத்தில் அது குறை, வேலை நேரத்தில் அதுதான் வேண்டும்.

நட்கிராக்கரும் வார்த்தை இல்லாதது, ஆனால் அது அடங்கி உட்காராத பிள்ளை. சைக்கோவ்ஸ்கியின் இந்த பாலே 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மரின்ஸ்கி அரங்கில், அவருடைய 'இயோலாந்தா' ஓபராவோடு ஒரே மாலையில் மேடையேறியது. பெரிய வரவேற்பு இல்லை. அதற்கு முன்பே அந்த ஆண்டு மார்ச்சில் வாசிக்கப்பட்ட சிறிய தொகுப்பு மட்டும் பிடித்துப்போனது. இன்று நமக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அந்த இருபத்துச்சொச்சம் நிமிடத் தொகுப்புதான். விளம்பரம், கார்ட்டூன் என்று எல்லா இடத்திலும் கேட்டுக் கேட்டு, 'இதை எங்கே கேட்டோம்' என்று மூளை வேலையை விட்டுவிட்டுத் தேடப் போய்விடும். செலஸ்டா என்ற மணியோசைக் கருவியை சைக்கோவ்ஸ்கி பாரிஸில் பார்த்துவிட்டு, சக இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் முந்திக்கொள்வார்கள் என்று பயந்து ரகசியமாக வரவழைத்தார் என்பதெல்லாம் நல்ல கதை. ஆனால் அந்தக் கருவி ஒலிக்கும் சர்க்கரைத் தேவதை நடனம் ஓடும்போது யாரும் வேலை செய்ததாக நான் பார்த்ததில்லை.

ஆகவே கேட்பதாக இருந்தால் முழு பாலேயைக் கேளுங்கள், ஒன்றரை மணி நேரம். தொகுப்பில் விட்டுப்போன நல்ல இடங்கள் அதில்தான் இருக்கின்றன: நள்ளிரவில் மரம் வளர்ந்துகொண்டே போகும் இடம், பனி வால்ட்ஸில் சொல் இல்லாமல் பாடும் குழந்தைகள், கடைசியில் வெறும் இறங்குவரிசைச் சுரங்களை வைத்துக்கொண்டே மனசைக் கரைக்கும் இருவர் நடனம். ஃபோல்டர் ஒழுங்குபடுத்துவது, ஓராண்டு மெயிலைக் கழித்துக்கட்டுவது மாதிரி கை மட்டும் போதுமான வேலைக்கு இது சரி. இரவு ஷிப்டில் அதிகாலை மூன்று மணிக்கு வரும் தூக்கத்துக்கும் மருந்து. அமெரிக்காவில் 1954-இல் நடன அமைப்பாளர் பலான்ஷின் நியூயார்க்கில் போட்ட தயாரிப்புக்குப் பிறகு இது டிசம்பர் சடங்காகவே ஆகிவிட்டது. பல நடனக் குழுக்களுக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒரு பாலேதான். நாம் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அதை வாசிப்பவர்களும் ஆடுபவர்களும் கிறிஸ்துமஸ் லீவு கிடைக்காத ஆட்களே.

நேரலையாக வேண்டுமென்றால் இரண்டு உண்டு. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் கிறிஸ்துமஸ் ஈவ் ஆராதனை 1918-இல் தொடங்கியது; பிபிசி 1928-இலிருந்து, 1930 ஒன்றைத் தவிர, ஆண்டுதோறும் ஒலிபரப்புகிறது. அங்கே பிற்பகல் 3 மணி என்பது நமக்கு இரவு 8.30, சரியாக இரவு ஷிப்ட் சூடுபிடிக்கும் முன். ஒரு சிறுவன் தனியாக, வாத்தியத் துணையின்றி முதல் கேரலைத் தொடங்குவான். ஆனால் நடுநடுவே ஒன்பது விவிலிய வாசிப்புகள் ஆங்கிலத்தில் வரும், அதனால் பாதிக் காதில் கேட்கும் விஷயம் அல்ல. சாப்பாட்டு இடைவேளையை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் முதல் ஐந்து நிமிடத்தைத் தவற விடாதீர்கள். இன்னொன்று ஜனவரி 1 வியன்னா கச்சேரி, நம் நேரம் பிற்பகல் 3.45. ஸ்ட்ராஸ் வால்ட்ஸ்களும் போல்காக்களும். புத்தாண்டு மந்தத்துக்கு நல்ல துணை. கடைசியில் ராடெட்ஸ்கி மார்ச்சுக்கு அரங்கமே கைதட்டும், அந்த நேரத்தில் மீட்டிங்கில் இருந்தால் மைக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோரஸோடு முடியும் பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியையும் சிலர் சொல்வார்கள். ஜப்பானில் டிசம்பர் முழுக்க அதுதான். ஆயிரக்கணக்கில் சாதாரண மக்கள் சேர்ந்து பாடுகிறார்கள். அங்கே அது முதலில் முழுசாக ஒலித்தது 1918 ஜூன் 1 அன்று, பண்டோ முகாமில், ஜெர்மன் போர்க்கைதிகள் வாசித்து. கேட்க வேண்டிய இசை, ஆனால் வேலை நேரத்தில் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும், சண்டைக்கு இழுக்கும்.

ஆக என் கணக்கு இது. தொடர்ந்து 25-இலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை டியூட்டி போட்டிருந்தால் பாக், நாளுக்கு ஒரு பாகம். எண்களோடு மல்லுக்கட்டும் நாளில் கொரெல்லியும் அவர் கூட்டாளிகளும். சலிப்பான வேலைக்கு முழு நட்கிராக்கர். மெசையா வீட்டுக்குப் போகும் வழிக்கு. டீமில் பொதுவாக ஒரு ஸ்பீக்கர்தான் என்றால் பாக்கைக்கூட நான் போட மாட்டேன். கொரெல்லிதான், அதுவும் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு. அவர் டிசம்பர் முழுக்க 'ஜிங்கிள் பெல்ஸ்' கேட்டு நொந்துபோயிருக்கலாம், கிறிஸ்துமஸ் என்று நீங்கள் சொல்லாதவரை கொரெல்லியை அவர் கண்டுபிடிக்கப்போவதில்லை.